டெலிட்டுக்குக் கீழே ஒரு பவர் கீ: மூன்று வருடக் கீபோர்டு அனுபவம்

போன வாரம் நம்பர் பேடில் இருக்கும் எண்டர் கீ, அழுத்தினால் எழும்பாமல் உள்ளேயே தங்க ஆரம்பித்தது. சர்வீஸ் கடையில் திறந்து பார்த்தால் ரப்பர் குமிழைச் சுற்றி மூன்று வருடத்துப் பஞ்சுத் தூசி. ஜவுளிக் கடை, அப்படித்தான் சேரும். சுத்தம் செய்ததும் பழையபடி ஆகிவிட்டது. அதற்குள் பக்கத்துக் கடைத் தம்பி வந்து, "அண்ணா, உங்க கீபோர்டு விலை குறைஞ்சிருக்கு, வாங்கட்டுமா?" என்று கேட்டான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வலது ஓரத்து நம்பர் பேடில் உள்ள 17 கீகளில்தான் என் பிழைப்பே ஓடுகிறது. 5-இன் மேல் இருக்கும் சின்ன மேட்டில் நடுவிரல் பட்டால் போதும், மற்ற விரல்கள் தானாக இடம் பிடித்துக்கொள்ளும். கட்டைவிரலுக்கு 0, சுண்டுவிரலுக்கு எண்டர். பில்லை விட்டுக் கண்ணை எடுக்கவே வேண்டாம். மேலே எஃப் கீகளை நான்கு நான்காகப் பிரித்து நடுவில் இடம் விட்டிருக்கிறார்கள். கடைக் கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேரில் சேல்ஸுக்கு எஃப்8, பர்ச்சேஸுக்கு எஃப்9. அந்த இடைவெளிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மூன்று வருடத்தில் ஒருநாள்கூட மாற்றி அழுத்தியதில்லை.

இனி என் வயிற்றெரிச்சல். இன்செர்ட், ஹோம், டெலிட், எண்டு எல்லாம் உள்ள ஆறு கீ கூட்டத்துக்கும் அம்புக்குறிகளுக்கும் நடுவில் சும்மா இருக்க வேண்டிய இடத்தில் பவர், ஸ்லீப், வேக் என்று மூன்று கீகளைச் செருகியிருக்கிறார்கள். டெலிட்டுக்கு நேர் கீழே பவர்! இடது அம்பிலிருந்து விரல் மேலே போகும்போது முதலில் தட்டுப்படுவது அதுதான். தீபாவளிச் சரக்கு வந்த சமயம், நாற்பது அயிட்டம் உள்ள பர்ச்சேஸ் பில். முப்பத்தெட்டாவதில் ஒரு தப்பு எண்ணை அழிக்கப் போனேன், கம்ப்யூட்டரே அணைந்துவிட்டது. எண்டர் தட்டிச் சேமிக்காத பில், மொத்தமும் போச்சு. அன்று இரவு பத்தரைக்குத்தான் வீட்டுக்குப் போனேன்.

வழி இல்லாமல் இல்லை. விண்டோஸில் கண்ட்ரோல் பேனல் போய், பவர் ஆப்ஷன்ஸில் பவர் பட்டனும் ஸ்லீப் பட்டனும் ஒன்றும் செய்யாதபடி வைத்துவிடலாம். ஆனால் அந்த செட்டிங் கம்ப்யூட்டரில் இருப்பது, கீபோர்டில் இல்லை. நடுவில் ஒருமுறை ஃபார்மேட் செய்தபோது பழையபடி திரும்பிவிட்டது, அது தெரிந்ததும் இன்னொரு பில் போன பிறகுதான்.

அதனால் தம்பியிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். என்னுடையதை நான் மாற்றப் போவதில்லை, இந்த நம்பர் பேடு கைக்கு அவ்வளவு பழகிவிட்டது. அப்புறம், நீங்கள் எந்தக் கீபோர்டு வாங்கினாலும் படத்தைப் பெரிதாக்கி டெலிட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.