18 வயதுக் குதிரையா, 8 வயதுக் குதிரையா?

விலை: நன்கு பழகிய 8 வயதுக் குதிரைக்கு உச்ச விலை. 15 தாண்டினால் இறங்கும். பழைய கோப்பைகளைக் காட்டி விலை ஏற்றினால் மசியாதீர்கள். இன்று அதால் என்ன முடியும் என்பதற்குத்தான் காசு.

வயது: 8 என்றால் பல் பார்த்து ஓரளவு சரியாகச் சொல்லலாம். கிழட்டுக் குதிரைக்கு மேல்தாடை ஓர வெட்டுப்பல்லைப் பாருங்கள். 10 வயதுவாக்கில் ஈறோரம் ஒரு பழுப்புப் பள்ளக்கோடு தோன்றும். அந்தக் கோடு 15-இல் பாதிப் பல் வரை இறங்கும், 20-இல் முழுப் பல்லுக்கும். தோராயக் கணக்குதான், ஆனாலும் 20-ஐ 14 என்று தள்ளிவிடப் பார்த்தால் மாட்டிக்கொள்வார்கள்.

கால்: இரண்டு குதிரைகளையும் கெட்டித் தரையில் ஓடவிடுங்கள். வலிக்கும் முன்னங்கால் ஊன்றும்போது தலை மேலே எழும்.

செலவு: பழசுக்கு ஊறவைத்த தீவனம், மூட்டு மருந்து. அதை விலையில் கழித்தே கேளுங்கள்.

ஏறிப் பழகும் பிள்ளைக்கு 18; போட்டிக்கு 8.