ஈகே3 சிவிக்: டி15பியைத் திறந்து கட்டுவதா, பி16ஏ இறக்குவதா?

டர்போ போடாமல் ஹோண்டா ஈகே3 சிவிக்கின் பலத்தைக் கூட்ட நினைப்பவருக்குக் கொழும்பில் மூன்று வழி இருக்கிறது. உள்ளே இருக்கும் டி15பி எஞ்சினையே திறந்து கட்டலாம், அதே சிவிக்கின் வேகமான வகையான எஸ்ஐஆரின் (ஈகே4) பி16ஏ எஞ்சினை இறக்கலாம், இன்னும் பெரிய கே20ஏக்குப் போகலாம். நான் பி16ஏ பக்கம், அதைத்தான் தெரிந்தெடுத்தேன். ஆகவே கீழே வருவதை நடுநிலைத் தீர்ப்பாக எடுக்கவேண்டாம்.

முதலில் டி15பி. மூன்று படி விடெக் (சுற்றுக்கு ஏற்ப வால்வு திறப்பை மாற்றும் ஹோண்டா அமைப்பு) உள்ள இந்த எஞ்சின் 1493 சிசியில் 130 பிஎஸ் (குதிரைவலு) தருகிறது. அந்தக் காலத்து 1.5 லீற்றருக்கு இதுவே பிழிந்தெடுத்த கணக்கு, ஹோண்டா மிச்சம் வைத்தது கொஞ்சம்தான். ஏர் ஃபில்டர், 4-2-1 ஹெடர், அகலமான சைலன்சர் எல்லாம் போட்டால் சத்தம் நிச்சயமாகக் கூடும். பலம் ஒற்றை இலக்கத்தில்தான் கூடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கம்ப்ரஷனிலும் (சிலிண்டருக்குள் எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற விகிதம்) கேமிலும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கை வைக்கவேண்டும்.

கம்ப்ரஷனுக்கு "ஹெட்டைச் சீவினால் போதும்" என்று சொல்லாத லேத் கடை இல்லை. ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிலிண்டர் 373 சிசி, ஃபேக்டரி கம்ப்ரஷன் 9.6. அப்படியென்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 43.4 சிசி. கம்ப்ரஷன் 11 ஆகவேண்டுமென்றால் அந்த இடம் 37.3க்கு இறங்கவேண்டும், அதாவது ஆறு சிசி குறையவேண்டும். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 75 மில்லிமீற்றர். முழு வட்டத்திலும் அரை மில்லிமீற்றர் எடுத்தாலே 2.2 சிசிதான் போகும். ஹெட்டில் சேம்பரின் வாய் போரைவிடச் சிறியது, அதனால் அந்த 2.2கூட முழுதாகக் கிடைக்காது. ஆக, சீவலால் பத்தைத் தொடலாம், பதினொன்றைத் தொட முடியாது. அதற்குப் பிஸ்டன் மாற்றவேண்டும். சீவிய ஹெட் கீழே இறங்குவதால் கேம் டைமிங்கும் கொஞ்சம் பின்தங்கும், அதைத் திருப்பிப் பிடிக்க அஜஸ்டபிள் கேம் புல்லி வேண்டும். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையில் எவ்வளவு மிச்சம் என்று களிமண் வைத்துச் சுற்றிப் பார்க்காமல் மூடினால், முதல் ஸ்டார்ட்டிலேயே வால்வு வளையலாம்.

கேமில் இன்னொரு முடிச்சு. மூன்று படி விடெக்கின் ராக்கர் அமைப்பு தனி. கீழ்ச்சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஓர் இன்டேக் வால்வு கிட்டத்தட்ட மூடியபடியே இருக்கும், எரிபொருள் மிச்சத்துக்காகச் செய்த வேலை அது. அதற்கென்று வெட்டிய பெரிய கேம் தேடி அலைவதைவிட, சாதாரண இரண்டு படி விடெக் ஹெட்டுக்கு மாறுவதுதான் நடைமுறை. அதாவது பிஸ்டன் போயிற்று, ஹெட் போயிற்று, ஈசியூவும் (எஞ்சினின் கணினி) மாறவேண்டும். இவ்வளவுக்கும் பிறகு 150ஐ அண்மித்தால் நல்ல கட்டுமானம். அந்த 150உம் மேல்சுற்றில்தான் இருக்கும், டி15பியின் ஸ்ட்ரோக்கோ (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 84.5 மில்லிமீற்றர். 8000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் செக்கனுக்கு 22.5 மீற்றர். பி16ஏயின் ஸ்ட்ரோக் 77.4. அதே 8000இல் 20.6 மீற்றர்தான், அதுவும் அந்தச் சுற்றுக்கென்றே செய்த எஞ்சின்.

கே20ஏ பற்றிச் சுருக்கமாக. ஜப்பான் டிசி5 இன்டெக்ரா டைப் ஆரில் 220 பிஎஸ், 1998 சிசி, 11.5 கம்ப்ரஷன். பலத்தில் மற்ற இரண்டையும் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனால் எஞ்சின் திரும்பி நிற்கும், சைலன்சர் பக்கம் ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடைச்சுவர்) வரும். மவுண்ட், ஆக்ஸில், ஹெடர், ஹார்னஸ், கியர் கேபிள், பெற்றோல் லைன் எல்லாமே தனியாக வாங்கவேண்டும். நான் கிட்டத்தில் பார்த்தது ஒரே ஒரு கார், அதை வைத்துப் பொதுவிதி சொல்லமாட்டேன். பணப்பை தடிப்பு என்றால் போகலாம்.

இனி பி16ஏ. 1595 சிசி, 10.4 கம்ப்ரஷன், 7800 சுற்றில் 170 பிஎஸ். கட்டிய டி15பி எட்டிப் பிடிக்கப் பார்க்கும் இலக்கத்தை இது பெட்டியிலிருந்து இறங்கும்போதே தாண்டிவிடுகிறது. ஈகே உடம்பில் உட்காரவும் கஷ்டமில்லை, எஸ்ஐஆர் அதே உடம்புதானே. தனி எஞ்சினாக வாங்காமல் ஈகே4 ஹாஃப் கட்டாக, அதாவது வெட்டி எடுத்த முன்பாதிக் காராக, வாங்குங்கள். மவுண்ட் பிராக்கெட்டுகள், கியர் பெட்டி, கியர் ராட், இன்டர்மீடியட் ஷாஃப்டோடு இரண்டு ஆக்ஸில், ஈசியூ, டிஸ்ட்ரிபியூட்டர், முன் பிரேக் எல்லாம் ஒன்றாக வரும். ஒவ்வொன்றாகத் தேடினால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அரை மாதம் போய்விடும். 1989–91 காலத்து 160 பிஎஸ் பி16ஏயை விலை குறைவென்று எடுத்துவிடாதீர்கள். அதன் பெட்டி கேபிள் கிளச், உங்கள் காரில் இருப்பது ஹைட்ரோலிக்.

"ஓடின எஞ்சின்தான் அண்ணே, கேட்டுப் பாருங்க" என்பது அங்கே வழக்கமான வசனம். காதால் கேட்டது போதாது, கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். எஞ்சின் சூடாக, நான்கு பிளக்கும் கழற்றி, திராட்டில் முழுதாகத் திறந்து அளக்கவேண்டும். ஹோண்டா வைத்த எல்லை: குறைந்தது 930 கிலோபாஸ்கல், சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 200க்கு மேல் போகக்கூடாது. பாவித்த பி16ஏக்கு 930 என்பது மிகத் தாராளமான எல்லை, நல்லது இதைவிடக் கணிசமாக மேலே காட்டும். வால்வு கவரைத் திறந்து கேம் மேட்டில் கீறல் உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் விலை பேசாமல் வந்துவிடுங்கள்.

வயரிங்கில் சறுக்கும் இடம் இரண்டு. மூன்று படி டி15பிக்கு விடெக் சொலினாய்ட் இரண்டு, பி16ஏக்கு ஒன்று. மிஞ்சும் வயரை மூடிக் கட்டவேண்டும். நாக் சென்சாருக்கு ஷீல்ட் உள்ள வயர் இழுக்கவேண்டும். சாதாரண வயர் போட்டால் மின் குறுக்கீட்டை ஈசியூ நாக் (எஞ்சினுக்குள் பிழையாக எரிந்து தட்டும் சத்தம்) என்று எடுத்துக்கொள்ளும்.

எனக்கு முடிவைத் தந்தது பலமல்ல, பராமரிப்பு. இரண்டு எஞ்சினும் ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று யோசித்தால் வித்தியாசம் தெரியும். கட்டிய டி15பியில் பிஸ்டன் ஒரு கம்பனி, கேம் இன்னொரு கம்பனி, ஹெட் வேறொரு கார், கேஸ்கெட் ஒரு தடிப்பு. ஒரு ரிங் செட் போனால் அந்தப் பிஸ்டன்காரனிடமிருந்தே வரவேண்டும். அது வந்து சுங்கத்தில் இறங்கும்வரை கார் கராஜில் ஜாக்கில் நிற்கும். கட்டிய பாஸ் (மெக்கானிக்) மத்திய கிழக்குக்குப் போய்விட்டால் அந்த எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. பி16ஏக்கு எல்லாமே ஹோண்டா இலக்கத்தில் இருக்கிறது. எந்த பாஸிடம் கொண்டுபோனாலும் அளவுகள் ஒன்றுதான்.

அந்த அளவுகளை விடாமல் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான். குளிர்ந்த எஞ்சினில் இன்டேக் வால்வு இடைவெளி 0.15–0.19 மில்லிமீற்றர், எக்ஸாஸ்ட் 0.17–0.21. டி எஞ்சினுக்கு இது 0.18–0.22, 0.23–0.27. பழக்கதோஷத்தில் டி அளவிலேயே வைத்துவிட்டு "பி எஞ்சின் டக்டக்தான்" என்று சொல்லும் ஆட்கள் உண்டு. அளவு சரியாக இருந்தும் சத்தம் நிற்காவிட்டால், ராக்கருக்குக் கீழுள்ள லாஸ்ட் மோஷன் குமிழ்களை விரலால் அழுத்திப் பாருங்கள். மெல்ல இறங்கித் தானாக மேலே வரவேண்டும். இறுகி நிற்பதை மாற்றிவிடுங்கள். ஒயில் ஃபில்டரோடு 4 லீற்றர் பிடிக்கும், டியின் 3.3 லீற்றர் கணக்கில் ஊற்றிவிட்டு மேல்சுற்றில் வளைவு திரும்பினால் பேரிங் பேசத் தொடங்கும். டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் எஞ்சின் வெளியே இருக்கும்போதே மாற்றவேண்டும். முந்தைய பெல்ட் எத்தனை வருடம் என்று யாருக்கும் தெரியாது, அறுந்தால் வால்வு பிஸ்டனில் முட்டும். விடெக் சொலினாய்ட் கேஸ்கெட்டும் டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங்கும் ஒழுகும். இரண்டும் மலிவு, முதலிலேயே புதிதாகப் போடுங்கள்.

பெற்றோலில் இரண்டும் ஒன்றுதான். கட்டிய டியானாலும் பி16ஏயானாலும் 95தான். கொழும்பில் அதற்குப் பஞ்சமில்லை, யாழ்ப்பாணம் போகும்போது வழியில் 92 மட்டும் உள்ள பெற்றோல் செட்களும் வரும், தாங்கியை முன்பே நிரப்புங்கள். பெரிய கேம் போட்ட டிக்கு வருடாந்தப் புகைப் பரிசோதனையும் தலையிடி. ஓவர்லாப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம்) கூடியதால் ஐடிலில் எரியாத பெற்றோல் வெளியே போகும், ஹைட்ரோகார்பன் ஏறும். கேட்டலிஸ்ட் உள்ள ஸ்டாக் பி16ஏ அதில் சிக்காது.

டி பக்கம் உண்மையாகவே வெல்லும் இடம் பதிவுப் புத்தகம். எஞ்சின் இலக்கமும் 1493 சிசியும் அதில் இருக்கின்றன. பி16ஏ போட்டால் இரண்டும் மாறும், நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்தாமல் விட்டால் விற்கும் நாளில் லீசிங் கம்பனி எஞ்சின் இலக்கத்தை ஒப்பிடும்போது கை நழுவும். எஞ்சினோடு அதன் இறக்குமதிக் கடதாசியும் விற்பனைச் சிட்டையும் கேட்டு வாங்குங்கள். "கடதாசி பிறகு தாறேன்" என்றால் காசும் பிறகுதான்.

போட்டி வகுப்பின் வரம்பு 1500 சிசி என்பதால் டியைக் கட்டுபவர் வேறு கணக்கில் இருக்கிறார், அவரோடு வாதமில்லை. அதிவேகப் பாதையில் அடிக்கடி ஓடுபவர் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். எஸ்ஐஆர் பெட்டியின் ஃபைனல் 4.4, ஐந்தாம் கியர் 0.848. 185/60ஆர்14 டயரில் அங்கே மணிக்கு 100 கிலோமீற்றரைப் பிடித்தால் எஞ்சின் 3400ஐத் தாண்டிச் சுற்றும். மாத்தறைவரை அந்தச் சத்தம் காதுக்குள்ளேயே இருக்கும்.