யானையின் பின்னங்காலுக்கு மாதம் 700 ரூபாய்

மதுரை பழங்காநத்தம் பக்கம் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் பாட்டு, மிருதங்கம், நாடக வகுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதற்கு போர்டும் கிடையாது, பெயரும் கிடையாது. நடத்துகிற டீச்சரும் அவருடைய அண்ணனும், "எங்க பேரெல்லாம் போட வேணாம், இருக்குற பிள்ளைகளுக்கே பாய் பத்தல" என்று சொல்லிவிட்டார்கள், அதனால் போடவில்லை. என் மகளும் மகனும் ஒன்றரை வருஷமாகப் போகிறார்கள். நான் கீழமாரட் வீதியில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன், எனவே முதலில் காசு. ஒரு பிள்ளைக்கு மாதம் 700 ரூபாய், இரண்டு பேர் என்றால் 1,200. வாரம் மூன்று நாள், சாயங்காலம் 6 மணியிலிருந்து ஏழரை வரை. ரசீது தர மாட்டார்கள், ஒரு பழைய நோட்டில் பேருக்கு நேராக டிக் போடுவதோடு சரி. ஒரு மாதம் டிக் போட மறந்துவிட்டு என்னிடம் மறுபடியும் கேட்டார்கள், போனில் பணம் அனுப்பியதைக் காட்டிய பிறகுதான் தீர்ந்தது. கணக்கில் இவர்களுக்கு நான் ஃபெயில் மார்க்தான் போடுவேன்.

இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் சேர்த்திருந்தோம். பெயர் வேண்டாம். ஏசி, கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்க கிடார் படம், ஆறு மாதக் கட்டணம் மொத்தமாக முன்கூட்டியே. ஆண்டு விழா என்று உடைக்கு 1,800, போட்டோவுக்குத் தனியாக 500 வாங்கினார்கள். மேடையில் ரெக்கார்டு ஓடியது, பிள்ளைகள் வாயசைத்தார்கள். என் மகள் மூன்றாவது வரிசையில் நின்று இரண்டு நிமிஷம் கையை ஆட்டினாள். நானும் போனைத் தூக்கிப் பிடித்து எடுத்து, சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டு, முப்பது பேரிடம் சூப்பர் வாங்கினேன், அதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து எங்கே அந்தப் பாட்டைப் பாடு என்றால், "அதை நாங்க பாடவே இல்லையேப்பா" என்றாள். கூடவே கீபோர்டு கற்றுக்கொண்டிருந்த மகனுக்கு ஸ எந்தக் கட்டையில் இருக்கிறது என்று காட்டத் தெரியவில்லை. மீதி இரண்டு மாதப் பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை.

சரி, மாடி வகுப்புக்கு வருகிறேன். முதல் நாள் டீச்சர் மகளைப் பாடச் சொன்னார். ஒரு சினிமாப் பாட்டை எடுத்தாள். நாலு வரி கேட்டுவிட்டு, "குரல் நல்லா இருக்கும்மா, ஆனா சுருதி அது பாட்டுக்குப் போகுது, நீ உன் பாட்டுக்குப் போற" என்றார். அப்புறம் ஐந்து மாதம் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற ஸ்வரப் பயிற்சிகள் தவிர ஒன்றும் கிடையாது. அந்தப் பயிற்சிகளுக்கான ராகம் மாயாமாளவகௌளை எங்கள் வீட்டில் குக்கர் விசில் மாதிரி ஆகிவிட்டது, காலையில் பால் வருவதற்கு முன்னாலேயே மூன்று வேகத்திலும் கேட்கும். பொங்கலுக்கு வந்த என் அக்கா, "ஒரு பாட்டுப் பாடு தங்கம்" என்று ஆசையாகக் கேட்க, இவள் ஸஸ ரிரி கக மம என்று ஆரம்பிக்க, அக்கா பாவம், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டு எப்போது வரும் என்று கடைசி வரை காத்திருந்தாள்.

எனக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. டீச்சரிடம் போய், ஒரே ஒரு பாட்டாவது சொல்லிக்கொடுங்கள் என்றேன். "அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டுறப்பவே பால் காய்ச்சணும்னு நிக்கிறீங்களே சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார். இப்படித்தான் பேசுவார், பெற்றவர்களுக்கென்று தனி மரியாதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் நவராத்திரிக்கு மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியில் கச்சேரி நடந்தபோது எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிப்போய் முன்னால் உட்கார வைத்து, தொடையில் தாளம் போடச் சொன்னதும் அதே டீச்சர்தான். இப்போது மகள் சின்னப் பாட்டுகளான கீதங்கள் முடித்து, அடுத்த படியான ஸ்வரஜதிக்கு வந்திருக்கிறாள். போனில் ஓடுகிற தம்புராவோடு அவள் ஸ போய் ஒட்டிக்கொள்கிற நேரம் ஒன்று உண்டு. எனக்குச் சங்கீதம் தெரியாது. வரவும் செலவும் ஒரு பைசா பாக்கியில்லாமல் டேலி ஆகிற சுகம் தெரியும், ஏறக்குறைய அதுதான் இது.

மகன் ஆறாம் வகுப்பு, அவனுக்கு மிருதங்கம். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதன் இடது பக்கத்தைத் தொப்பி என்கிறார்கள், வாசிக்க உட்காருவதற்கு முன்னால் அதன் நடுவில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்ப வேண்டும், அப்போதுதான் அந்த அடித்தொண்டைச் சத்தம் வரும். எவ்வளவு ரவை, எவ்வளவு தண்ணீர் என்பதற்கு ஸ்பூன் கணக்கெல்லாம் கிடையாது. பிள்ளைகளையே பிசைய வைத்து, அப்ப வைத்து, தட்ட வைத்து, சார் கண்ணை மூடிக்கொண்டு "இன்னும் கொஞ்சம்", "கூடிருச்சு, எடு", "ம்" என்று காதாலேயே அளப்பார். அந்த "ம்" வருவதற்குச் சில நாள் கால் மணி நேரம் ஆகும். முடிந்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். ஒருநாள் இவன் மறந்துபோய் அப்படியே உறையில் போட்டுவிட்டான், அடுத்த வகுப்பில் திறந்தால் எறும்புச் சாரை. அன்றைக்கு அவனுக்குப் பாடமே அதுதான், ஒன்றரை மணி நேரமும் ஊதி ஊதித் துடைத்துக்கொண்டிருந்தான். வீட்டில் இப்போது ரவைக்கு இரண்டு டப்பா, ஒன்றில் "மிருதங்கம்" என்று மார்க்கரில் எழுதியிருக்கிறது. உப்புமாவுக்கு ரவை தீர்ந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது.

இந்த சார்தான் டீச்சரின் அண்ணன், நாடகமும் அவரே. முப்பது வருஷம் ஸ்பெஷல் நாடகத்துக்கு வாசித்தவர். அது எப்படி நடக்கும் என்று நம்ம ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது: கதாநாயகனாக வரும் ராஜபார்ட் ஒரு ஊர், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் ஒரு ஊர், கோமாளியான பபூன் ஒரு ஊர், தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வந்து பல நேரம் அன்று ராத்திரி மேடையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. ராத்திரி பத்து மணி வாக்கில் ஆரம்பித்தால் விடிய விடிய. எதிரில் நிற்பவர் எந்தப் பாட்டை எடுப்பார், தர்க்கத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துவார் என்று தெரியாது, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் இவர் வகுப்பில் வசனத்தை மனப்பாடம் செய்வது கடைசியில்தான். முதல் இரண்டு மாதம், ஒரு பிள்ளை சொன்னதை இன்னொரு பிள்ளை அப்படியே வாங்கி, ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மகன் வீட்டில் "வாங்கு, குடு, வாங்கு, குடு" என்று முணுமுணுத்துக்கொண்டே திரிந்தபோது பள்ளிக்கூடத்தில் கடன் ஏதும் வாங்கிவிட்டானோ என்று பயந்துவிட்டேன்.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை ஆரம்பித்ததை சார் வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். முழுக்கச் சிறுவர்களை வைத்து நடத்திய கம்பெனி, பின்னால் பெரிய பேர் வாங்கிய நாடக நடிகர் டி.கே.சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. கம்பெனி எந்த ஊருக்குப் போகிறதோ அங்கேதான் சாப்பாடு, தூக்கம், பாடம் எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, "நீங்க ஏழரைக்கு வீட்டுக்குப் போயி தோசை திங்கிறீங்க, அதுக்கே லேட்டா வர்றீங்க" என்பார்.

போன பங்குனியில், அலங்காநல்லூர் தாண்டி ஒரு ஊரில் அம்மன் கோயில் பொங்கலுக்குப் பெரியவர்கள் நாடகம் வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் எட்டு மணிக்கு ஒரு மணி நேரம் நம்ம பிள்ளைகள் வள்ளி திருமணம் போட்டுக்கொள்ளலாம் என்று சார் பேசி வாங்கிவிட்டார். வேஷம் பிரித்தார்கள். வள்ளி வேறொரு பெண்ணுக்குப் போனது. என் மகள் மேடை ஓரத்தில் ஆர்மோனியம் பக்கத்தில் உட்கார்ந்து, வள்ளி தினைப்புனத்தில் கிளி விரட்டுகிற ஆலோலம் பாடுகிற கூட்டத்தில். மகனுக்கு யானை. முருகன் கூப்பிட்டதும் விநாயகர் யானையாக வந்து வள்ளியைப் பயமுறுத்துவாரே, அந்த யானை. அதிலும் முழு யானை இல்லை. பின்னங்கால்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நேரில் போய்க் கேட்டேன். ஒன்றேகால் வருஷம் பணம் கட்டியவன் பையனுக்கு முகம்கூடத் தெரியாத வேஷமா என்று கேட்டேன். சார் கோபப்படவில்லை. "தம்பி, முன்னங்காலுக்கு ஓட்டை இருக்கு, வெளிய பார்த்துக்குவான். பின்னங்காலுக்குக் காது மட்டுந்தான். தாளம் நிக்கிற பயலைத்தான் அங்க விட முடியும்" என்றார். சமாளிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

யானையை குன்னத்தூர் சத்திரத்தில் தைத்தார்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் இருந்த தையல்காரர்கள் இப்போது அங்கேதானே இருக்கிறார்கள், சாமிக்கும் அழகர் வேஷத்துக்கும் தைத்துப் பழகிய கை. சாம்பல் நிறத் துணி, உள்ளே பஞ்சு, வாலுக்குக் குஞ்சம். என் பங்கு 450 ரூபாய். முன்பு கொடுத்த 1,800 ஞாபகம் வந்தது.

அன்றைக்கு நான் மூன்றாவது வரிசை, கீழே மணலில். மகள் கூட்டம் ஆலோலம் எடுத்தபோது மைக் கொஞ்சம் கத்தியது, ஆனாலும் பாட்டு சுருதியில் நின்றது. எனக்குப் பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாட்டி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது. அப்புறம் யானை வந்தது. நாலு நாலாக எண்ணி வைக்கிற நடை, மிருதங்கம் போட்டால் கால், இல்லையென்றால் நிற்க வேண்டும். நடு மேடையில் முன்னங்கால் பையனுக்கு மைக் ஒயர் தடுக்கிவிட்டது. அவன் விழவில்லை, ஆனால் தாளத்தை விட்டுவிட்டான், ஒயரிலிருந்து காலை உருவிக்கொண்டு நிற்கிறான். யானை இரண்டாகப் பிரியப் போகிறது என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. உள்ளே இடுப்பை மடித்து, முன்னால் இருப்பவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறவனுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. ஆனால் முன்னால் இழுப்பு நின்றதும் இவன் நடையை நிறுத்தி, நின்ற இடத்திலேயே இடது, வலது, இடது, வலது என்று தாளத்துக்குக் காலை மாற்றிக்கொண்டே இருந்தான், குஞ்சம் வைத்த வால் அதே கணக்கில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடியது. சார் அதைப் பார்த்துவிட்டு, மிருதங்கத்தில் போட்ட சொல்லையே திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். முன்னங்கால் அதைப் பிடித்து ஏறிக்கொண்டது. யானை மேற்கொண்டு நடந்தது. பாட்டி, "ஆத்தி, பின்னாடி உள்ளவன் தப்பாம வைக்கிறான் பாரு" என்றது.

என் மகன் என்று உடனே சொல்லவில்லை. ஒரு நிமிஷம் அடக்கிக்கொண்டேன். அப்புறம் பாட்டியிடம் சொன்னேன், பாட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் சொன்னேன், கடலை விற்றுக்கொண்டு வந்தவரிடமும் சொன்னேன். வீடியோ எடுக்க மறந்துவிட்டேன். எடுத்திருந்தாலும் அதில் என் பையன் தெரியப் போவதில்லை. வேஷத்தைக் கழற்றியபோது சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. "எப்படிடா நின்ன?" என்று கேட்டால், "சார் குடுத்துக்கிட்டே இருந்தாருப்பா, நான் வாங்கிக்கிட்டே இருந்தேன்" என்கிறான். அதைவிட அவனுக்குப் பெரிய குறை, முன்னங்கால் பையன் வருவதற்கு முன்னால் பரோட்டா சால்னா சாப்பிட்டுவிட்டு வந்தானாம், உள்ளே ஒரு மணி நேரம் அந்த வாசம்.

குறைகளையும் எழுத வேண்டும். மாடிக்குத் தகரக் கூரை, மழை பெய்தால் வகுப்பு இல்லை, சித்திரை வெயிலில் ஆறு மணிக்கும் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஏழரை என்பது சில நாள் எட்டேகால் ஆகும், கீழே காத்துக்கொண்டு நிற்க வேண்டும், உட்கார நாற்காலி கிடையாது. நாளைக்கு வகுப்பு இல்லை என்ற செய்தி ராத்திரி பதினோரு மணிக்கு வரும். பரீட்சை, கிரேடு, சான்றிதழ் எதுவும் தர மாட்டார்கள், ஸ்கூல் அட்மிஷனுக்குக் காட்டுவதற்கு என்று யோசிக்கிறவர்கள் வேறு இடம் பாருங்கள். இன்னொன்று, எல்லாப் பிள்ளைக்கும் இந்த நாடக சார் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். கூச்ச சுபாவமுள்ள எங்கள் மாடி வீட்டுப் பையன் மூன்று வாரத்தில் நின்றுவிட்டான், அவனைக் கொஞ்சம் பொறுத்துப் பிடித்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் வருத்தம்.

புதுப் பிள்ளைகளை விஜயதசமிக்குத்தான் எடுப்பார்கள், நடுவில் போய்க் கேட்டால் அடுத்த விஜயதசமிக்கு வரச் சொல்வார்கள். பாய் ஒன்று கொண்டுபோக வேண்டும். தெரு குறுகல், வண்டியை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடங்கள். மிருதங்கம் என்றால் ரவை உங்கள் செலவு.