வெளிநாட்டுப் பட்டத்துக்கு இந்தியாவில் ஏற்பு: எந்தக் கதவைத் தட்டுவது?

வெளிநாட்டில் படித்துத் திரும்புவோரும் அவர்களுடைய பெற்றோரும் முதலில் கேட்பது, "இந்தப் பட்டம் இங்கே செல்லுமா?" என்பதுதான். இதற்கு ஒரே விடை இல்லை. பட்டத்தை ஏற்கும் அதிகாரம் இந்தியாவில் ஒரே இடத்தில் குவிந்திருக்கவில்லை. மேற்படிப்பில் சேரவும் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கவும் தேவைப்படும், வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்று கூறும் இணைத்தகுதிச் சான்று ஒன்று. மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ தொழில் செய்ய வேண்டிய பதிவு முற்றிலும் வேறொன்று. முன்னது கிடைத்துவிட்டால் பின்னதும் கிடைத்ததாக எண்ணிவிடுவதால்தான் பல குடும்பங்கள் பணத்தையும் ஆண்டுகளையும் இழக்கின்றன. ஆகவே இந்த வழிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

இணைத்தகுதிச் சான்றை நெடுங்காலம் வழங்கிவந்தது புதுதில்லியில் இயங்கும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், அதாவது ஏஐயூ. 1925இல் தொடங்கப்பட்ட இவ்வமைப்பு, பல்கலைக்கழகங்களையே உறுப்பினர்களாகக் கொண்ட பதிவுபெற்ற சங்கமே தவிர, நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானதன்று. ஆயினும் ஏஐயூ இணையானதென ஏற்ற பட்டங்கள் மத்திய அரசுப் பணிகளுக்கும் ஏற்கப்படும் என்று 1995 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்ததால், அந்தச் சான்றுக்கு நாடு முழுவதும் மதிப்பு உண்டாயிற்று. பட்டம் வழங்கிய நிறுவனம் தன் சொந்த நாட்டில் அங்கீகாரம் பெற்றதா, மாணவர் நேரில் சென்று முழுநேரமாகப் படித்தாரா, சேர்க்கைத் தகுதியும் படிப்புக் காலமும் இந்தியப் படிப்புக்கு ஒத்துவருகின்றனவா என்பவற்றையே அது முதன்மையாகப் பார்த்துவந்தது.

இரண்டாவது வழி, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2025 ஏப்ரலில் அரசிதழில் வெளியிட்ட ஒழுங்குமுறை விதிகள். இணைய முகப்பில் விண்ணப்பம், அதை ஆராய ஒரு நிலைக்குழு, வேலை நாள்களில் கணக்கிடப்படும் காலவரம்பு, முடிவு பாதகமாக வந்தால் மறுஆய்வு கோரும் வாய்ப்பு ஆகியவை இதில் எழுத்தில் உள்ளன. கிளை உரிமம் பெற்று வேறொரு நிறுவனம் நடத்தும் படிப்பில் கிடைத்த பட்டம் ஏற்கப்படாது என்பதும் தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு பல்கலைக்கழகம் மூன்றாம் நாடொன்றில் வைத்திருக்கும் வளாகத்தில் படித்தவர்கள், அந்தப் படிப்பு இரு நாட்டு விதிகளுக்கும் உட்பட்டு நடந்ததைக் காட்ட வேண்டும். துபாய் வளாகங்களில் படிக்கும் நம் மாணவர்கள் இதை அழுத்தமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவ்விரண்டில் என் சாய்வு யுஜிசி வழியின் பக்கமே. ஏஐயூவுக்கு ஒரு நூற்றாண்டு அனுபவமும், பணியமர்த்தும் அலுவலகங்களில் நன்கு அறிமுகமான பெயரும் உண்டு. ஆனால் மறுக்கப்பட்ட விண்ணப்பதாரர் 'எந்த விதியின்படி மறுத்தீர்கள்?' என்று கேட்பதற்கு, சட்டப்படி அமைந்த ஓர் அமைப்பின் அரசிதழ் விதி தரும் பிடிமானம் ஒரு சங்கத்தின் நடைமுறையில் கிடைப்பதில்லை. எதில் விண்ணப்பிப்பதானாலும், உங்களிடம் சான்று கேட்கும் பல்கலைக்கழகமோ தேர்வாணையமோ யாருடைய சான்றை எதிர்பார்க்கிறது என்பதை முதலில் எழுத்து வடிவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் ஓராண்டு முதுகலை முடித்தவர்களுக்கு இருந்த பழைய மனக்குறை இங்கே தனியே பேசத் தக்கது. நம் ஊரில் மூன்றாண்டு இளங்கலையும் இரண்டாண்டு முதுகலையுமாக ஐந்தாண்டுகள். அவர்களுக்கோ மூன்றும் ஒன்றுமாக நான்கே ஆண்டுகள். காலக்கணக்கை மட்டும் பார்த்தால் ஓராண்டு குறைகிறது. ஆனால் அந்த ஓராண்டில் கோடை விடுமுறையின்றி ஆய்வேட்டுடன் 180 கிரெடிட்டுகளை (பாடச்சுமையை அளக்கும் அலகு) முடித்தாக வேண்டும். 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இந்தச் சிக்கலைத் தீர்த்து, அந்த முதுகலைப் பட்டத்துக்கு ஏற்பு அளித்தது. 2023 மார்ச்சில் ஆஸ்திரேலியாவுடனும் இதுபோன்ற ஏற்பாடு வந்தது. எனினும் பிரிட்டன் ஒப்பந்தம் பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம், கட்டடக்கலை ஆகியவற்றை விலக்கியே வைத்திருக்கிறது. 'பிரிட்டன் பட்டம் இனி அப்படியே செல்லும்' என்று விளம்பரம் செய்யும் முகவர்கள் இந்த விலக்கைச் சொல்வதில்லை.

தொழில்சார் படிப்புகளுக்கு ஏஐயூவும் யுஜிசியும் உதவ மாட்டா; அந்தந்தத் தொழிலின் ஆணையமே முடிவு செய்யும். இவற்றுள் மிகக் கடினமான பாதை மருத்துவம். வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படிக்கச் செல்வதற்கே நீட் தேர்ச்சி வேண்டும். திரும்பியபின் தேசியத் தேர்வு வாரியம் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கென ஆண்டுக்கு இருமுறை நடத்தும் எஃப்எம்ஜிஇ தேர்வில் 300க்கு 150 மதிப்பெண் பெற வேண்டும். பல தேர்வுகளில் எழுதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே தேறுகின்றனர். இவற்றுக்கு மேலாக, 2021 நவம்பர் 18 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, படிப்பு குறைந்தது 54 மாதங்கள் நீடித்திருக்க வேண்டும். ஆங்கில வழியில் நடந்திருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்க உரிமம் பெறும் தகுதியும் இருக்க வேண்டும். இந்தியா திரும்பி மேலும் 12 மாதம் பயிற்சி மருத்துவராகப் பணியாற்ற வேண்டும்.

இந்த 54 மாதம் என்ற எண் தமிழகக் குடும்பங்களை நேரடியாகத் தொட்டது. நம் மாணவர்கள் பெருமளவில் சென்ற பிலிப்பைன்ஸில் எம்டி என்னும் மருத்துவப் படிப்பு நான்கு ஆண்டுகள், அதாவது 48 மாதங்கள். அதற்கு முன் படிக்கும் பிஎஸ் என்னும் இளநிலைப் படிப்பை மருத்துவப் படிப்பின் பகுதியாக எண்ணாததால் ஆறு மாதம் குறைந்தது. புதிய விதிகளை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது; 2022 மே மாதத்தில் அந்நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் பிள்ளையை அனுப்பும் ஒரு வீட்டுக்கு, முகவர் தரும் வண்ணக் கையேட்டைவிட இந்த விதியின் இரண்டு பக்கங்கள் பலமடங்கு முக்கியமானவை.

சட்டப் படிப்பில் நிலைமை இவ்வளவு கடுமையில்லை: பார் கவுன்சில் ஏற்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற இந்தியர், கவுன்சில் நடத்தும் தகுதித் தேர்வில் தேறிப் பதிவு செய்துகொள்ளலாம்.

கல்லூரி ஆசிரியப் பணியை விரும்புவோருக்கு ஒரு சலுகை உண்டு. யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, கியூஎஸ், டைம்ஸ், ஷாங்காய் ஆகிய உலகத் தரவரிசைகளில் ஏதேனும் ஒன்றில் முதல் 500 இடங்களுக்குள் வந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் தேறாமலே உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். தரவரிசையைத் தகுதிக்கு அளவுகோலாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல நெறியாளரிடம் சிறிய பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவருக்கு இது அநீதி. தமிழ்நாடு அரசுப் பணிக்கு விண்ணப்பிப்பவர்கள், குறிப்பிட்ட பட்டத்தை இணையானது என்றோ இணையன்று என்றோ உயர்கல்வித் துறை வெளியிடும் அரசாணைகளையும் பார்த்தாக வேண்டும்.

தனியார் நிறுவன வேலை மட்டுமே நோக்கமென்றால் பெரும்பாலும் எந்தச் சான்றும் தேவையில்லை. இன்னும் புறப்படாதவர்களுக்கு மற்றொரு வாய்ப்பும் இருக்கிறது: குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் ஆஸ்திரேலியாவின் டீக்கின், குருகிராமில் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இந்தியாவிலேயே வளாகம் திறந்துவிட்டன. யுஜிசியின் 2023 விதிகளின்கீழ் அமைந்த வளாகங்கள் தரும் பட்டத்துக்குத் தனியே இணைத்தகுதிச் சான்று வாங்க வேண்டியதில்லை. வெளிநாட்டு வாழ்க்கை அனுபவம் கிடைக்காது என்பது உண்மை. ஏற்புச் சிக்கலைப் பொறுத்தமட்டில் இதுவே எளிய வழி.

எந்த வழியில் சென்றாலும் விண்ணப்பங்கள் தேங்குவது ஆவணங்களில்தான். நம்மவர்களுக்குக் குறிப்பாகப் பெயரில் சிக்கல் வருகிறது. பிளஸ் டூ மதிப்பெண் சான்றில் தலைப்பெழுத்துடன் 'எஸ். கார்த்திக்' என்று இருக்கும். கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிந்து 'கார்த்திக் செல்வராஜ்' ஆகியிருக்கும். பட்டச் சான்றிலோ 'செல்வராஜ் கார்த்திக்' என்று முன்பின் மாறியிருக்கும். மூன்றும் ஒருவரே என்று நிறுவும் உறுதிமொழிப் பத்திரத்தை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். சான்றுகளுக்குப் பட்டம் வழங்கிய நாட்டிலேயே அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஹேக் உடன்படிக்கை நாடுகள் தமக்குள் ஏற்கும் சான்றொப்பம், பெறுங்கள். கனடா 2024 ஜனவரியில் அந்த உடன்படிக்கைக்குள் வந்துவிட்டதால் அங்கே படித்தோருக்கு வேலை குறைந்திருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் படித்தோர் தூதரகச் சான்றொப்பம் பெற வேண்டும். முழு மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டம், நேரில் முழுநேரமாகப் படித்ததற்கான கடிதம் ஆகிய மூன்றையும் பல்கலைக்கழகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே கையில் வாங்கிவிடுங்கள். ஊர் திரும்பியபின் மின்னஞ்சல் வழியே அவற்றைப் பெறுவதற்குள் பல சேர்க்கைக் காலங்கள் கடந்துபோகின்றன.