பழைய சீலிங் ஃபேன்: புதுப்பித்து ஓட்டிய அனுபவம்

பழைய சீலிங் ஃபேனைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் முதலில் பெயின்ட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சில வருடங்களாக ஒன்றை ஓட்டிக்கொண்டிருப்பவன் சொல்கிறேன், பெயின்ட் கடைசி வேலை. ஃபேன் சத்தமில்லாமல் ஓடுமா என்பது, உள்ளே குண்டுகள் உருளும் வளையமான பேரிங் கையில் இருக்கிறது.

என் ஃபேனைக் கழற்றியபோது கிரீஸ் காய்ந்து கருப்பு மெழுகு போலக் கெட்டிப்பட்டிருந்தது. கையால் சுற்றினால் கரகரவென்றது. பேரிங்கின் பக்கவாட்டிலேயே எண் பொறித்திருக்கும். இதில் 6202, அதாவது உள்துளை 15 மி.மீ., வெளிவிட்டம் 35 மி.மீ. மேலும் கீழும் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன். கழற்றச் சுத்தியல் வேண்டாம், புல்லர் போட்டு இழுங்கள். ஷாஃப்ட்டில் அடிபட்டால் புதுப் பேரிங் சரியாக உட்காராது.

மோட்டாரின் கம்பிச் சுற்றான காயில், சீரீஸ் லாம்ப் (பல்பைத் தொடராக இணைத்துப் பார்ப்பது), மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) இரண்டிலும் தேறிவிட்டதால், புதுக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் செலவு மிச்சம். துணி சுற்றிய வயர் மட்டும் தொட்டாலே உதிர்ந்தது, மாற்றிவிட்டேன். எர்த் வயரே இல்லை, உடம்போ முழுக்க இரும்பு, அதையும் சேர்த்தேன். ஃபேனைத் தொங்கவிடும் ராடின் போல்ட், பின், ரப்பர் புஷ் எல்லாம் புதிது. தலைக்கு மேல் சுற்றுகிற சாமானில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கண்டென்சரை 2.5-இலிருந்து 3.15 மைக்ரோஃபாரட் ஆக்கினால் காற்று கூடும் என்பார்கள். கூடலாம், கூடவே காயிலும் சூடேறும். காயில் மேல் பூசிய பழைய வார்னிஷ் அதைத் தாங்குமா? நான் பழைய அளவையே போட்டேன்.

ரொம்ப நாள் படுத்தியது றெக்கை ஆட்டம்தான். மூன்றின் எடையும் சமம், ஆனாலும் ஆடியது. கடைசியில், கூரையிலிருந்து றெக்கை நுனி எவ்வளவு கீழே இருக்கிறது என்று ஒரே இடத்தில் ஸ்கேலைப் பிடித்து ஒவ்வொன்றாக அளந்தேன். ஒன்று மட்டும் சற்றுத் தாழ்ந்திருந்தது. திருகுக்கடியில் மெல்லிய வாஷர் வைத்ததும் ஆட்டம் அடங்கிவிட்டது.

ரெகுலேட்டர் விஷயம் ஓட்டிய பிறகுதான் தெரிந்தது. டிம்மர் மாதிரி திருகும் எலக்ட்ரானிக் வகையில் குறைந்த வேகத்தில் ஃபேன் உறுமியது. கண்டென்சர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டருக்கு மாறினேன், சத்தம் போயிற்று. பழைய பெட்டி ரெகுலேட்டர் உறுமாதுதான், ஆனால் மிச்ச மின்சாரத்தைச் சூடாக்கியே தீர்க்கும்.

காற்று அருமை, அகலமாக இறங்குகிறது. கரன்ட்தான் இடிக்கிறது: இது 75 வாட்டுக்கு மேல் இழுக்கிறது, பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன் 30 வாட் அளவில் முடித்துவிடும். 12 மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்கு மேல் வித்தியாசம். அதனால் கூடத்தில் இதுவே இருக்கட்டும், இரவெல்லாம் ஓடுகிற படுக்கையறைக்கு பிஎல்டிசியே வாங்குங்கள்.