சி70: 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா?

"அண்ணே, பழைய ஹோண்டா சி70 பைக் ஒண்ணு விலைக்கு வருது, 6 வோல்ட்டாம். எடுக்கலாமா, இல்ல 12 வோல்ட்டுக்குக் காத்திருக்கவா?" என்று வேலையிடத்துத் தம்பி கேட்டிருந்தார். வாட்ஸ்அப்பில் பதில் தட்டத் தட்ட நீண்டுகொண்டே போனதால் முழுதாகவே எழுதிவிடுகிறேன். இரண்டு வகையையும் கழற்றிப் பூட்டி, பல வருடம் ஓட்டியவன் நான். 72 சிசி, மூன்று கியர், கிளட்ச் லீவர் கிடையாது என்பதெல்லாம் கப்சாய் (இந்த மாதிரிச் சின்ன பைக்குக்கு இங்கே அதுதான் பெயர்) ஓட்டிய யாருக்கும் தெரியும். அதை விடுங்கள்.

முதலில் பதிவு. 2003 ஜூலை 1க்கு முன் பதிவான சாதாரண மோட்டார் சைக்கிள் எதுவும் 2028 ஜூன் 30க்குப் பிறகு சிங்கப்பூர்ச் சாலையில் ஓட முடியாது. பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் இருந்தால் கவலையில்லை. வண்டிக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும், ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம். விலை மலிவாக இருக்கிறதே என்று பாய்வதற்கு முன் எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

இன்ஜினைப் பொறுத்தவரை இரண்டும் தங்கம். 6 வோல்ட்டில் பாயிண்ட் உண்டு, பிளக்கில் பொறி விழ வைக்கும் சின்ன சுவிட்ச். இடது பக்க மூடியைக் கழற்றி, மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ சக்கரத்தின் சின்ன ஜன்னல் வழியாக அளவுத் தகட்டை (கேஜ்) விட்டு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் இடைவெளி வைக்க வேண்டும். 80களின் தொடக்கத்தில் வந்த 12 வோல்ட்டில் சிடிஐ, அதாவது பொறியை எலக்ட்ரானிக்காகவே விழ வைப்பது, அதனால் இந்த வேலையே இல்லை. எனக்கு அந்த வேலை பிடிக்கும் என்பது வேறு விஷயம். செயினை முழுசாக மூடிய அந்த டப்பாவுக்காகவே ஹோண்டாவுக்குக் கோயில் கட்டலாம். மழையில் மண்டாய் வரை போய் வந்தாலும் செயினில் ஒரு பொட்டு சேறு இருக்காது.

இனி என் வயிற்றெரிச்சல். 6 வோல்ட் வண்டியின் சிக்னல்.

சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்பக் காத்திருக்கிறீர்கள். கால் பிரேக்கில், பின்னால் பிரேக் லைட் எரிகிறது. சிக்னல் போடுகிறீர்கள். மினுக்காது. மங்கலாக ஒரே நிலையில் எரிந்துகொண்டு நிற்கும். பின்னால் இருக்கும் லாரிக்காரருக்கு அது சிக்னலா துருவா என்றே தெரியாது. காரணம் எளிது. முன்னும் பின்னும் 18 வாட் பல்பு, இரண்டும் சேர்ந்து 36 வாட். 6 வோல்ட்டில் அதற்கு 6 ஆம்பியர் வேண்டும். பிரேக் லைட் தனி. நின்ற இடத்தில் இன்ஜின் தரும் சார்ஜ் சொற்பம், அந்தக் குட்டி பேட்டரி எவ்வளவுதான் கொடுக்கும்? அதே 36 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும். கரண்ட் பாதியானால் வயரில் வீணாவது கால்வாசிதான். அதனால் 12 வோல்ட் வண்டியில் எங்கே நின்றாலும் டிக் டிக் என்று மினுக்கும்.

முகப்பு விளக்கும் அப்படித்தான். இங்கே பகலிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும், சட்டம். 6 வோல்ட்டில் அது பேட்டரியைத் தொடாமல் நேராக மேக்னெட்டோவின் காயிலிலிருந்து எரிகிறது. முறுக்கினால் பளிச், விட்டால் மெழுகுவத்தி. அப்புறம், பின் லைட் பல்பு போனால் அதன் பங்கும் முன் பல்புக்குப் போய், அதுவும் கொஞ்ச நேரத்தில் போய்விடும். இரண்டு பல்பை எப்போதும் பையில் வைத்திருப்பேன்.

நியாயமாகச் சொன்னால் சிக்னல் பிரச்சினையில் பாதி ஹோண்டாவின் குற்றம் இல்லை. என் 6 வோல்ட்டுக்குப் பெயின்ட் அடித்த பட்டறை, கரண்ட் பாடி வழியாகத் திரும்பும் எர்த் வயர் உட்காரும் இடத்தையும் சேர்த்துப் பளபளவென்று மூடிவிட்டது. புது பெயின்ட்டை, அதுவும் காசு கொட்டி அடித்த அந்த நீலத்தை, பத்துக் காசு அளவுக்குச் சுரண்டும்போது வயிறு பற்றி எரிந்தது. சுரண்டி, பளிச்சென்று இரும்பு தெரிந்ததும் வயரைப் பூட்டினேன். நின்ற நிலையிலும் சோம்பலாக மினுக்க ஆரம்பித்தது. ஏதோ மினுக்குகிறதே.

வயர் செட் கதை இன்னும் மோசம். சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017இல் மூடும்வரை அங்கே பழைய ஒரிஜினல் சாமான் தட்டுப்படும். இப்போது மலேசியப் பக்கம் ஜோகூர்தான் கதி. அங்கே ஒரு கடையில் "எல்லா சி70க்கும் இது போகும் பாஸ்" என்று ஒரு செட்டைக் கட்டிவிட்டார்கள். ஹோண்டாவில் பச்சை எர்த், ஆரஞ்சு இடது சிக்னல், இளநீலம் வலது. அந்தச் செட்டில் ஆரஞ்சும் நீலமும் இடம் மாறியிருந்தன. இடது போட்டால் வலது எரிந்தது. 'எல்லா சி70' என்று ஒன்று கிடையாது. 6 வோல்ட்டை 12ஆக மாற்றுவதென்றாலும் மேக்னெட்டோ சக்கரமும் காயில் பூட்டிய தகடும் ஜோடியாக வர வேண்டும், பல்பு, ஹாரன், ஃபிளாஷர், பேட்டரி எல்லாமே மாறும். அந்தக் காசுக்கு 12 வோல்ட் வண்டியையே தேடலாம்.

ஆகவே தம்பி, 12 வோல்ட்டை எடுங்கள். தினசரி ஓட்டமானாலும் 45 நாள் ஓட்டமானாலும் அதுதான் சரியான வண்டி. எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை.

போன மாதம் என் 12 வோல்ட்டை விற்றுவிட்டேன். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலை வந்தபோது வீட்டில் எல்லாரும் அதை வைத்துக்கொள்ளத்தான் சொன்னார்கள், நியாயமும் அதுதான். ஆனால் ஞாயிறு காலை பழைய அப்பர் தாம்சன் சாலையில், 1973 வரை கிராண்ட் பிரி ஓடிய அதே வளைவுகளில், வட்ட முகத்தோடு முனகிக்கொண்டு ஏறும் அந்த 6 வோல்ட்டை விட மனசு வரவில்லை. நீங்கள் பார்த்திருக்கும் வண்டியின் படத்தை அனுப்புங்கள். எர்த் வயர் எங்கே பூட்டியிருக்கிறது என்பது தெரிகிற மாதிரி எடுங்கள்.