ஆற்றங்கரை, கால்வாய்க் கரை, பழைய ரயில் தடம்: இத்தாலியில் கார் குறுக்கிடாமல் சைக்கிள் மிதிக்க எது சரியான வழி?

டஸ்கனி என்றதும் நினைவுக்கு வருவது குன்றின் மேல் வளைந்து ஏறும் வெள்ளை மண்சாலையும் அதன் ஓரத்துச் சைப்ரஸ் மரங்களும்தான். படம் பொய்யில்லை. ஆனால் அந்தச் சாலையில் காரும் டிராக்டரும் போகும். கோடையில் அவை கிளப்பும் புழுதி முழுக்கச் சைக்கிளில் வருபவர் முகத்தில்தான் படியும். கார் அறவே வேண்டாம் என்பவர் வேறு தடம் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட தடங்கள் இத்தாலியில் நிறைய உண்டு. அவற்றில் பல, வேறு வேலைக்காகப் போட்டு, அந்த வேலை முடிந்தபின் அல்லது வேலைக்கு இடையே சைக்கிள்காரர்களுக்குத் திறந்துவிட்டவை.

அவற்றில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். வடக்கே மின்ச்சோ ஆற்றை ஒட்டிய பாதை, டஸ்கனியில் கியானா கால்வாய்ப் பாதை, உம்ப்ரியாவில் ஸ்பொலேத்தோ–நோர்ச்சா பழைய ரயில் தடம். மூன்றும் 40 கிலோமீட்டரிலிருந்து 62 கிலோமீட்டருக்குள் அடங்குபவை. அத்ரியாட்டிக் கரையில் ஒர்த்தோனாவிலிருந்து வாஸ்தோ வரை போகும் பழைய ரயில் பாதையையும் பலர் சொல்வார்கள். நல்ல பாதைதான். ஆனால் அங்கே கண் முழுக்கக் கடல் பக்கமே போகும். நாட்டுப்புறம் பார்க்க வந்தவருக்கு அது தோதாகாது.

மின்ச்சோ பாதை மூன்றிலும் எளியது. கார்தா ஏரியின் தென்முனையில் உள்ள பெஸ்கியேராவில் தொடங்கி, ஏறக்குறைய 43 கிலோமீட்டர் தள்ளி மாந்தோவாவில் முடிகிறது. பெரும்பாலும் தார் போட்ட சமதளம். எட்டு வயதுக் குழந்தையும் மிதிக்கலாம். பெஸ்கியேரா, மாந்தோவா இரண்டுமே ஆஸ்திரியர்களின் நான்கு பெரும் கோட்டை நகரங்களில் இடம்பெற்றவை. 1859 முதல் 1866 வரை இந்த ஆறுதான் இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் எல்லை. இன்று மரநிழலில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே மிதிக்கும் இடத்தில் அன்று இரண்டு படைகள் முறைத்துக்கொண்டு நின்றன. நடுவே போர்கெத்தோ என்ற சிற்றூர். ஆற்றுக்குள்ளேயே கட்டிய பழைய மாவு ஆலைகளும், மிலான் பிரபு ஜான் கலியாஸ்ஸோ விஸ்கோந்தி 1393-இல் கட்டிய அரண்போன்ற நீண்ட பாலமும் அங்கே இருக்கின்றன.

மாந்தோவாவுக்குள் நுழையும்போது நகரத்தைச் சுற்றி மூன்று ஏரிகள். 12-ஆம் நூற்றாண்டில் ஆற்றை மறித்து உண்டாக்கியவை. மேல் ஏரியில் ஜூலை, ஆகஸ்டில் தாமரை பூத்துக் கிடக்கும். 1921-இல் ஆசியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட கிழங்கு, இப்போது ஆண்டுதோறும் வெட்டிக் கட்டுப்படுத்த வேண்டிய அளவுக்குப் பெருகிவிட்டது. தாமரைக் குளம் பார்க்க நாம் இத்தாலி போக வேண்டியதில்லை. ஆனால் மாந்தோவா நகரத்தைப் பின்னணியாக வைத்து அதைப் பார்ப்பது தனிதான்.

குறை என்ன? கூட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைச் சைக்கிளில் வரும் குடும்பங்கள் பாதையை அடைத்துக்கொள்ளும். காருக்குப் பயந்து வந்தவர் கடைசியில் மூன்று சக்கரச் சைக்கிள் ஓட்டும் சிறுவனுக்குப் பயந்து பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். போர்கெத்தோவுக்குக் கீழே ஆறு விலகி, பாசன வாய்க்கால்களை ஒட்டிப் போகும் பகுதியும் கொஞ்சம் சலிப்புத் தட்டும்.

ஸ்பொலேத்தோ–நோர்ச்சா இதற்கு நேர் எதிர். 1926-இல் திறந்து 1968-இல் மூடிய மின்சார மலை ரயில். தண்டவாளங்களுக்கு இடையே அகலம் 950 மில்லிமீட்டர்தான். எர்வின் தோமன் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்த தடம். 51 கிலோமீட்டருக்குள் 19 சுரங்கங்கள், 24 உயர் பாலங்கள். ரயில் ஏற வேண்டுமென்பதற்காக மலையைச் சுற்றிச் சுற்றி வளைத்திருக்கிறார்கள். அதனால் நூறு மீட்டர் தூரத்துக்கு நாலரை மீட்டருக்கு மேல் எங்கும் ஏறாது. மூச்சு வாங்கும், ஆனால் இறங்கித் தள்ள வேண்டிவராது. இரும்பு போய்விட்டது, பொறியாளரின் கணக்கு மட்டும் மண்ணில் நிற்கிறது.

இதன் உச்சம் கப்ராரெச்சா சுரங்கம். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே நுழைந்தால் வியர்வை நனைந்த சட்டை சட்டென்று முதுகில் சில்லிடும். மேலிருந்து நீர் சொட்டும். விளக்கின் வட்டத்துக்கு வெளியே எதுவும் தெரியாது, சரளையில் டயர் அரையும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து, பின்னால் யாரோ வருவதுபோல இருக்கும். ஹெல்மெட்டும் நல்ல விளக்கும் இல்லாமல் நுழையக் கூடாது. கைப்பேசி வெளிச்சம் போதும் என்று நினைப்பவர்கள் பாதியில் புரிந்துகொள்வார்கள். மறுபக்கம் இறங்கினால் நேரா ஆற்றின் பள்ளத்தாக்கும், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்ட கல் வீடுகளும்.

அழகில் இதற்குப் போட்டியே இல்லை. ஆனால் பயணப் பைகளை மாட்டிக்கொண்டு பல நாள் சுற்றுபவருக்கு முழுமையாக நம்பக்கூடிய பாதை இல்லை. ஜல்லி தளர்ந்த இடங்களில் மெல்லிய டயர் வழுக்கும். 2016 நிலநடுக்கம் நோர்ச்சாவை உலுக்கி, புனித பெனெதிக்து பேராலயத்தின் முகப்பை விட்டு மீதியில் பெரும்பகுதியைச் சாய்த்தது. ரயில் தடத்தின் அந்தப் பக்கத்துப் பகுதிகளும் அடிபட்டன. கிளம்புமுன் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. சைவர்களுக்கு ஒரு வார்த்தை: நோர்ச்சா பன்றி இறைச்சிக்குப் பேர்போன ஊர். கவலை வேண்டாம், பக்கத்து மலைச்சமவெளியான கஸ்தெல்லூச்சோவில் விளையும் லெண்டில் என்ற சின்னப் பயறும் அதே அளவுக்குப் பேர்பெற்றது.

இனி கியானா. அரெட்ஸோவிலிருந்து கியூஸி வரை 62 கிலோமீட்டர், கால்வாய்க் கரையிலேயே. மூன்றில் முதல் பார்வைக்கு மிகவும் சாதாரணமானது இதுதான். இறுகிய சரளைத் தளம், நேர்கோட்டில் ஒரு கால்வாய், இருபக்கமும் வயல். நிழலே கிடையாது. ஆகஸ்டில் இங்கே மிதிப்பவரைப் பார்த்து ஊர்க்காரர்கள் பரிதாபப்படுவார்கள். காற்று திரும்பினால் நெடுஞ்சாலையின் இரைச்சலும் காதில் விழும். இத்தனையும் தெரிந்தே இதற்குத்தான் முதலிடம் தருகிறேன்.

காரணம், இங்கே காலடியில் இருக்கும் தடத்துக்கே ஒரு பெரும் கதை உண்டு. ரோமானியர் காலத்தில் கியானா ஆறு தெற்கே ஓடி, ரோம் நகர் வழியாகப் போகும் டைபர் ஆற்றில் கலந்தது. டைபரின் வெள்ளத்தைக் குறைக்க அதை வடக்கே, ஃப்ளோரன்ஸ் வழியாகப் போகும் ஆர்னோ ஆற்றுக்குத் திருப்பிவிடலாமா என்று கி.பி. 15-இல் ரோமானிய செனட் விவாதித்தது. ஃப்ளோரன்ஸ்காரர்கள் ஓடிவந்து, எங்கள் ஊர் மூழ்கிவிடும் என்று முறையிட, திட்டம் கைவிடப்பட்டது. பிறகு ஆறு தேங்கியது. பள்ளத்தாக்கு சதுப்பானது, மலேரியா குடியேறியது. 1500-களின் தொடக்கத்தில் லியோனார்தோ டாவின்ச்சி வரைந்த வரைபடத்தில் இந்த இடம் நீண்டதொரு நீல ஏரியாகவே இருக்கிறது. மக்கள் குன்றுகளின் மேல் குடியிருந்தார்கள். கோர்த்தோனாவும் மோந்தெபுல்சானோவும் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருப்பதில் பகைவர் பயத்தோடு காய்ச்சல் பயமும் கலந்திருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்தோரியோ ஃபொஸ்ஸொம்ப்ரோனி என்ற பொறியாளர் இந்தச் சதுப்பை உலர்த்தும் பொறுப்பை ஏற்றார். சேறு கலந்து வரும் ஓடைகளைக் கரைகட்டிய பாத்திகளுக்குள் விட்டு, வண்டல் படியவைத்து, தெளிந்த நீரை மட்டும் வெளியேற்றும் முறையைப் பரவலாக்கினார். நிலம் மெல்ல மெல்ல உயர்ந்தது; சரிவே திசை மாறியது. கியானா இன்று வடக்கு நோக்கி ஆர்னோவுக்கு ஓடுகிறது. ரோமானியர் காலத்தில் ஃப்ளோரன்ஸ்காரர்கள் எதற்குப் பயந்தார்களோ, அதை அவர்களுடைய ஆட்சியாளர்களே செய்து முடித்தார்கள்.

அரெட்ஸோவிலிருந்து கியூஸிக்கு மிதிக்கும்போது நீங்கள் நீரோட்டத்துக்கு எதிராக ஏறுகிறீர்கள். காலுக்கு அது தெரியாது. பக்கத்தில் எதிர்த்திசையில் போகும் தண்ணீரைப் பார்த்தால்தான் தெரியும். வழியில் வயல் நடுவே நிற்கும் லெயோப்போல்தீனா பண்ணை வீடுகளைக் கவனியுங்கள். கீழே மாட்டுத் தொழுவம், மேலே குடியிருப்பு, உச்சியில் சதுரமான புறாக்கூண்டுக் கோபுரம். உலர்த்தியெடுத்த நிலத்தில் குடியேறிய உழவர்களுக்காகக் கட்டியவை. பல இப்போது கூரை சரிந்து கிடக்கின்றன. தெற்கு முனையில் கியூஸி ஏரிக்கு அருகே, சியெனாவும் பெருஜியாவும் ஒன்றையொன்று வம்புக்கிழுக்கக் கட்டிய இரு காவல் கோபுரங்கள் எதிரெதிரே நிற்கின்றன.

குன்றின் மேலுள்ள ஊர்களைப் பார்க்க வேண்டுமானால் பாதையை விட்டுச் சாலையில் ஏறத்தான் வேண்டும். கோர்த்தோனாவுக்குக் குறைந்தது 250 மீட்டர் ஏற்றம், அதுவும் கார்களோடு. சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு பஸ்ஸில் போவதே புத்திசாலித்தனம்.

குழந்தைகளோடு போகிறவர் யோசிக்காமல் மின்ச்சோவை எடுக்கலாம். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது, தடித்த டயரும் விளக்கும் இருக்கின்றன என்றால் ஸ்பொலேத்தோவிலிருந்து சுரங்கம் தாண்டிப் போய்த் திரும்பலாம். ஒரு வாரம் இருப்பவர் ஏப்ரல் கடைசியிலோ செப்டம்பரிலோ அரெட்ஸோவில் தொடங்கட்டும். கியூஸியிலிருந்து ரயிலில் தெரொந்தோலா வந்து, அங்கே மாறி ஃபொலிஞ்ஞோவில் இறங்கினால், ஸ்பொலேத்தோ வரை சமவெளியில் இன்னொரு சைக்கிள் பாதை காத்திருக்கிறது. உள்ளூர் ரயில்களில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். அதிவேக ரயிலில், மடக்காமலோ பிரித்துப் பையில் போடாமலோ சைக்கிளை ஏற்றவிடமாட்டார்கள்.